பகல் தூக்கம்

வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த சரோஜா தற்செயலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, எதிரே வில்லாவின் மதிலில் இருந்த பெட்டியில் பச்சை போய்ச் சிவப்பு எரிந்தது. கையை அரிசித் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு அவள் காது கொடுத்துக் கேட்டாள். தெருவில் யாரும் இல்லை. காலை ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் எப்போதோ போய்விட்டது. வில்லாவில் நீச்சல் குளத்து மோட்டார் ஓடவில்லை, பக்கத்து வீட்டில் டிவி இல்லை, ஏரிப்பக்கம் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அப்படிப்பட்ட காலையில், சத்தத்தைப் பிடிப்பதற்காக வைத்த பெட்டி சிவந்துபோய் அப்படியே நின்றது.

பெட்டி உள்ளங்கை அளவுதான். சத்தம் அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. சிவந்த அடுத்த நிமிஷம் அண்ணா நகரில் இருக்கிற வில்லா ஓனர் பிரசன்னாவின் போனுக்குத் தகவல் போய்விடும். நாள் வாடகைக்கு வந்து தங்குகிறவர்கள் ஆட்டம் போடுகிறார்களா என்று பார்க்க வில்லாவுக்குள் பெட்டி வைத்தவன், ஊர்க்காரர்கள் சத்தம் போடுகிறார்களா என்று பார்க்க இன்னொன்றை மதிலின் வெளிப்பக்கம், சரோஜாவின் வாசலைப் பார்த்து மாட்டியிருந்தான். தன் வீட்டு வாசலில் தான் தும்முவதை எவனோ ஒருவன் குளுகுளு அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன் அடித்தது. ரகுபதி. செத்துப்போன அவள் கணவன் மோகனுக்கு அண்ணன்; வில்லாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பவன்.

"இன்னாம்மா அங்க சத்தம்? ஓனரு போன் மேல போன் போட்டுக்கினு கீறாரு."

"ஒரு சத்தமும் இல்ல மாமா. அரிசி கழுவிக்கினு கீறேன்."

"அரிசி கழுவுனா செவப்பு எரியுமா? மிஷின் பொய் சொல்லாது."

"அப்போ நான் பொய் சொல்றனா? வந்து நீங்களே கேளுங்க."

அவன் வைத்துவிட்டான். சிவப்பு மட்டும் அணையவில்லை. பிற்பகல் மூன்று மணிவரை எரிந்து, பிறகு தானாகப் பச்சைக்கு மாறியது. அவள் கொடியில் துணியை உதறிக்கொண்டே அதைப் பார்த்தாள். மறுநாளும் அதேபோல, காலை ஏழரைக்குச் சிவந்து மூன்று மணிக்குப் பச்சையானபோதுதான், அது எந்த நேரம் என்பது அவளுக்கு உறைத்தது.

அது மோகன் தூங்குகிற நேரம்.

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் லைனில் அவனுக்கு வேலை. தொடர்ந்து நைட் ஷிப்ட். காலையில் பைக்கில் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருக்க வேண்டும். அப்படி எழுந்தால்தான் ராத்திரி பிரஸ்ஸுக்கு முன்னால் கண் சொருகாமல் நிற்க முடியும். கண் சொருகினால் கை போகும். லைனில் அப்படி விரல் போனவர்களை அவன் பெயர் சொல்லிச் சொல்லியிருக்கிறான். அதனால் அந்த வீட்டுக்கு என்று ஒரு பாஷை வந்துவிட்டது. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தால் அப்பா தூங்குகிறார். விரலை உதட்டில் வைத்தால் வாயைத் திறக்காதே. சரோஜா குக்கரில் விசில் போடாமல் சட்டியில் சோறு வடித்தாள், யு.கே.ஜி. படிக்கும் மகள் கனிஷ்கா நடை பழகிய நாளிலிருந்தே நுனிக்காலில் நடந்தாள். மிச்சச் சத்தத்தையெல்லாம் வில்லா போட்டது.

நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர். கல்யாண நாள், பிறந்த நாள், கம்பெனிக்காரர்களின் டீம் அவுட்டிங், ஒன்றுமில்லாவிட்டால் சும்மா. சுவர் அதிர்ந்து மோகனின் பாய்வரைக்கும் வரும். அவன் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரள்வதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அவளே தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். மனுவை வாங்கியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரைக்கும் சத்தம் கூடாது, அதற்கு உத்தரவு போடலாம் என்றார். பகலில் தூங்குகிற மனுஷனுக்கு என்று அவள் கேட்டபோது, அதற்குச் சட்டத்தில் இடமில்லையே அம்மா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கை பரபரக்கிறது.

பிரசன்னா கெட்டிக்காரன். உத்தரவு வந்ததும் ஸ்பீக்கரைத் தூக்கிவிட்டு, 'அமைதி இல்லம்' என்று பலகை மாட்டி, வாடகையை ஏற்றிவிட்டான். குருவிச் சத்தத்துக்காகவே சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் பகலெல்லாம் குளத்தில் கும்மாளம் போட்டார்கள், அது யாருக்கும் கேட்கவில்லை. ராத்திரி ஊரில் நாய் குரைத்தால் மட்டும் ரகுபதிக்குப் போன் வந்தது. அந்தக் கும்மாளத்தில் ஒரு பகல் முழுக்கத் தூங்காமல் வேலைக்குப் போன மோகன், மறுநாள் காலை வீட்டுக்கு வரும் வழியில், சாலையோரம் நிறுத்தியிருந்த டிரெய்லரின் பின்னால் பைக்கோடு போய்ச் சேர்ந்தான். பிரேக் பிடித்த தடம்கூட ரோட்டில் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். தூங்கிக்கொண்டே வந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து உடம்பைக் கொடுத்தபோது இருட்டிவிட்டது. ஊர் வந்து சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. வில்லா நிறைய ஆட்கள். தப்பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த தணிகாசலத்தை ரகுபதி தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினான். சங்கு ஊதுகிறவர் சங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றார். "ஐயோ என் ராசா" என்று வாயைத் திறந்த சரோஜாவின் வாயில் ரகுபதி துண்டை வைத்து அமுக்கினான்.

"பத்து மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு மனு குடுத்தது யாரு? நீதானே? உன்னாலதாம்மா வந்துச்சு இந்தச் சட்டம். என் வேலையும் பூடும், கம்முனு இரு."

அந்தத் துண்டில் பீடி நாற்றமும் வில்லாவின் தரை துடைக்கிற பினாயில் நாற்றமும் அடித்தது. வில்லாவில் ஆட்கள் எழுந்திருப்பதற்குள், ஆறு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி, சத்தம் காட்டாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மனுஷன் செத்துப்போனான் என்பதை ஊருக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை. தொண்டையில் நின்ற அந்த அழுகை அதற்குப் பிறகு அவளுக்கு வரவே இல்லை, அதற்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்துகொண்டே இருந்தது.

பெட்டி தினமும் சிவந்தது. ரகுபதி தினமும் போன் செய்தான். நேற்றைவிட இன்று அளவு கூடியிருக்கிறது என்றான், என்னத்தை ஓட்டுகிறாய் வீட்டில், கிரைண்டரா, மோட்டாரா என்றான். அவள் பதில் சொல்வதை விட்டுவிட்டாள். அவளும் வேறு சிலவற்றைக் கவனிக்க ஆரம்பித்திருந்தாள். சுருட்டி மூலையில் சாத்தி வைத்த மோகனின் பாய், அவள் தண்ணீர் பிடித்துவிட்டு வருவதற்குள் விரிந்து கிடந்தது. தலையணை நடுவில் பள்ளம். அதைத் தட்டிச் சரிசெய்தபோது உறைக்குள்ளிருந்து பிரஸ் எண்ணெயின் வாடை, அவன் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த இரும்பு வாடை, புதிதாக எழுந்தது.

அதுவரைக்கும்கூட அவள் பயப்படவில்லை. பாவம், அசதி, வந்து படுக்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பயம் கனிஷ்காவைப் பார்த்துத்தான் வந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்ட நாள். கனிஷ்கா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள். பழைய பழக்கம், போகட்டும் என்று சரோஜா விட்டுவிட்டாள். "தோசை வேணுமாடி?" என்று கேட்டதற்குக் குழந்தை திரும்பி, உதட்டில் விரலை வைத்தது. பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தது.

"அப்பா சாமிகிட்ட போயிருச்சுன்னு சொன்னேன்ல? வாயத் தொறந்து பேசு."

குழந்தை பாய் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் கன்னத்தில் கை வைத்தது. மூன்று மணிக்குப் பெட்டி பச்சையான பிறகுதான் அதன் வாயிலிருந்து "ம்மா" என்று ஒரு சொல் வந்தது. மறுநாள் மூன்று மணிக்குப் பிறகும் வரவில்லை. வகுப்பில் டீச்சர் கேட்டாலும் கையை ஆட்டுகிறாள், தொண்டையில் ஏதாவது கோளாறா, டாக்டரிடம் காட்டுங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். படப்பையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, அப்பா போன ஏக்கம் என்றார்.

அதே வாரம் அடுப்படியில் எவர்சில்வர் சொம்பு அவள் கை நழுவி விழுந்தது. சிமெண்டுத் தரையில் பட்டு, எழும்பி, இன்னொரு தரம் பட்டு, உருண்டு, சுவரோரம் போய் நின்றது. சத்தமே இல்லை. அவள் அதை எடுத்து வேண்டுமென்றே ஓங்கித் தரையில் அடித்தாள். சொம்பு நெளிந்தது. சத்தம் இல்லை. அவளுக்குப் பின்னால் பாய் லேசாகச் சரசரத்தது, யாரோ புரண்டு படுக்கிற மாதிரி. அது மட்டும் கேட்டது.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவள் மூச்சு வாங்க நின்றாள். அவன் போகவில்லை. போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை அல்லவா? சங்கு ஊதி, தப்பட்டை அடித்து, பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டு கதறினால்தானே நாம் போய்விட்டோம் என்று ஒருவனுக்குத் தெரியும். ஒன்றுமே கேட்காதவன் வழக்கம்போல ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறான். வந்து, எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறான். குழந்தை சொன்ன பேச்சைக் கேட்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தப்பட்டை வைக்கப்போகிறேன் என்று அவள் ரகுபதியிடம் சொன்னாள். வில்லாவின் கேட்டுக்கு வெளியே நின்றுதான் சொன்னாள். உள்ளே அவளுக்கு வேலையில்லை.

"அன்னைக்கு புக்கிங் கீது. தியானம் பண்றவங்க வராங்க. எல்லாம் மௌன விரதம்."

"நான் ராத்திரில அடிக்கல. பகல் பதினோரு மணிக்கு அடிக்கிறேன். உங்க சட்டத்துலதான் பகலுக்கு இடமே இல்லியே."

"சரோஜா, சொன்னா கேளு. காரியத்த ஏரிக்கரையில முடிச்சிக்கலாம்."

"உங்க தம்பிக்கு நீங்க ஊதாத சங்க நான் ஊதறேன். எம்பொண்ணு வாய் பேசணும் மாமா. உங்க ஓனரு போலீஸ் கூட்டாரட்டும், மந்திரியக் கூட்டாரட்டும். அன்னைக்கு என் வாய்ல துணி வச்சீங்க பாருங்க, இன்னொரு தபா வச்சுப் பாருங்க."

ரகுபதி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கேட்டுக்கு உள்ளே புல்தரையில் தண்ணீர் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

காரியத்தன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. காலையிலிருந்தே பெட்டி சிவப்பு. தணிகாசலம் ஆட்களோடு வந்து, தெரு நடுவில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, தப்பட்டையை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றினார். வைக்கோல் படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தமே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. புகை வாடையும், சங்குக்காரரின் வெற்றிலை வாடையும், வந்து குழுமிய பெண்களின் பூ வாடையும் சேர்ந்து, இத்தனை நாள் கழித்து அந்தத் தெருவில் ஒரு சாவு நடந்த மாதிரி இருந்தது.

"அடிக்கலாமாம்மா? அன்னைக்குத் திரும்பிப் போனது எனக்கே மனசு ஆறல," என்றார் தணிகாசலம்.

"கை வலிக்கிற வரைக்கும் அடிங்கண்ணா. ஏரிக்கு அந்தாண்ட கேக்கணும்."

கனிஷ்காவைப் பக்கத்து வீட்டு ரஞ்சனியின் மடியில் உட்கார வைத்துவிட்டு, சரோஜா வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். போகிறவனுக்கு வழி வேண்டும். உள்ளே பாய் விரிந்து கிடந்தது. அவள் அதைச் சுருட்டவில்லை.

முதல் அடி விழுந்தது. தெருவே அதிர்ந்தது. வில்லாவின் மரத்திலிருந்து குருவிகள் பறந்தன. இரண்டாவது. மூன்றாவது. சங்குக்காரர் கன்னத்தை உப்பி ஊதினார், நீளமான ஊதல் ஏரிவரைக்கும் போனது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குரலெடுத்தார்கள். சரோஜாவின் தொண்டையில் இத்தனை நாள் அடைத்துக்கிடந்தது மேலே ஏறி வந்தது. அவளுக்கு நெஞ்சு லேசானது. போய்வா ராசா என்று நினைத்தாள்.

வீட்டுக்குள் யாரோ அலுப்போடு புரண்டு படுத்தார்கள்.

அடுத்த அடி கொஞ்சம் தூரத்தில் அடித்த மாதிரி கேட்டது. அதற்கடுத்தது தலையணைக்கு அந்தப் பக்கம் அடித்த மாதிரி. தணிகாசலம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஓங்கி அடித்தார். தோல் அதிர்வது தெரிந்தது. குச்சி தெறித்தது. சத்தம் இல்லை.

சங்குக்காரரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் இல்லை.

வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. வெடிப்பு இல்லை.

பெண்களின் வாய்கள் எல்லாம் திறந்திருந்தன. நாக்குத் தெரிந்தது. பல் தெரிந்தது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வில்லாவிலிருந்து ரகுபதி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். ஏதோ கத்தினான். கத்துகிறான் என்று வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவன் கையில் போன் மினுங்கியது, பிரசன்னாவின் பெயர் திரையில் வந்து வந்து போனது. எதிர்ச் சுவரில் சிவப்பு. அது வரை இல்லாத சிவப்பு.

சரோஜா வாயைத் திறந்தாள். "எழுந்திரு, போயிடு" என்று கத்தினாள். தொண்டை கிழிவது வலித்தது. அவள் காதுக்கே அது எட்டவில்லை.

அப்போது அவளுக்குக் கேட்டது.

குறட்டை.

அசந்து தூங்குகிறவனின் குறட்டை. மெதுவாக இழுத்து, நின்று, விடுகிற அந்தக் குறட்டையை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கேட்டது. வில்லா வந்த பிறகு கேட்டதில்லை. இப்போது அது வீட்டுக்குள்ளிருந்து வந்தது, தெருவை நிறைத்தது, காலடியில் மண் அதிர்ந்தது. ஊரில் கேட்கிற ஒரே சத்தம் அது; பெட்டி இத்தனை நாளும் கேட்டதும் அதைத்தான். அவனுக்குக் கடைசியில் தூக்கம் வந்துவிட்டது. அவள் கேட்டு வாங்கிய அமைதி.

அவள் ரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தாள். ரஞ்சனியின் மடி காலியாக இருந்தது. ரஞ்சனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாய் திறந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரியத் திறந்து வைத்த கதவு சாத்தியிருந்தது.

அவள் ஓடினாள். தள்ளினாள். இரண்டு கையாலும் அடித்தாள். சத்தம் வரவில்லை. தோளால் மோதினாள். தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்தது.

ஜன்னல் துணி இழுத்து மூடியிருந்தது, அவன் ஷிப்ட் முடிந்து வந்ததும் மூடுகிற மாதிரி. இரும்பு வாடை. பாய். பாயின் மேல் கோடு போட்ட அவன் போர்வை. குறட்டைக்குத் தக்கபடி போர்வை ஏறி இறங்கியது. தலையணைப் பள்ளத்தில் தலை இல்லை.

அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு படுக்கிற இடத்தில், கனிஷ்கா படுத்திருந்தாள். போர்வை கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டிருந்தது. கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் குழந்தை மெதுவாகக் கையை வெளியே எடுத்து, விரலை உதட்டில் வைத்தது. பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தது. பிறகு, பாயில் தனக்கு இந்தப் பக்கம் விட்டு வைத்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டியது.

சரோஜா அசையவில்லை. குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடியது.

போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கனிஷ்காவின் பக்கம் மட்டும் அது அசையவில்லை.